நாலு பெக்கரலுக்கு ஒரு வாரம் நகோயா

ஜூன் 23, 2024, ஞாயிறு. நகோயா

வந்து சேர்ந்தாச்சு. ஏர்போர்ட்ல இறங்கினதும் கண்ணாடில ஆவி படிஞ்சிடுச்சு, அப்படி ஒரு புழுக்கம். ரெண்டு நாள் முன்னாடிதான் இந்தப் பக்கம் மழைக்காலம் ஆரம்பிச்சிருச்சுன்னு அறிவிச்சாங்களாம், ட்சுயுன்னு பேரு, ப்ளம் காய் பழுக்கற நேரத்து மழைன்னு அர்த்தம். பேரு அழகாத்தான் இருக்கு, காயப்போட்ட துணி மூணு நாளைக்குக் காயாதுன்னு ஹோட்டல் பொண்ணு சைகைலயே சொல்லிட்டாங்க.

ரூம் ரொம்பச் சின்னது. பெட்டியைத் திறந்தா கதவைத் திறக்க முடியாது, கதவைத் திறந்தா பெட்டியை மூடணும். கீழ இருக்கற கடைல வெள்ளைப் பிளாஸ்டிக் குடை ஒண்ணு 700 யென்னுக்கு வாங்கினேன். இப்ப ஒரு யென் நம்ம காசுல 52 பைசாதான், அதனால எதைப் பார்த்தாலும் பாதியா வகுத்துட்டு "அட பரவால்லையே"ன்னு தோணுது. இங்க இருக்கறவங்களுக்கு அதே விஷயம் வயித்தெரிச்சல், யென் இவ்வளவு விழுந்து பல வருஷம் ஆச்சாம்.

எதுக்கு வந்தேன்னு சொல்லிடறேன், இல்லன்னா நாளைக்கு எழுதறது ஒண்ணும் புரியாது. அணுவை அணுவோட சேர்த்து சக்தி எடுக்கற இணைவு உலைன்னு சொல்றோம்ல, அதுக்கு எரிபொருள் டியூட்டீரியமும் டிரிட்டியமும், ரெண்டும் கனமான ஹைட்ரஜன். டியூட்டீரியம் கடல் தண்ணிலயே இருக்கு. டிரிட்டியம் அப்படிக் கிடைக்காது, அரை ஆயுள் (பாதி சிதைஞ்சு போக ஆகற நேரம்) 12.3 வருஷம்தான், சேர்த்து வச்சாலும் தானா தேஞ்சு போயிடும். 1,000 மெகாவாட் இணைவு சக்தி ஒரு வருஷம் முழுக்க ஓடினா 55 கிலோவுக்கு மேல தின்னும். அதனால உலை தனக்கு வேண்டியதைத் தானே செஞ்சுக்கணும், சுத்தி லித்தியத்தை வச்சு வர்ற நியூட்ரானைப் பிடிச்சு டிரிட்டியம் ஆக்கணும். அந்த லித்தியத்தை உருகின உப்பா வைக்கலாம்ங்கறது ஒரு வழி. உப்புக்குள்ள டிரிட்டியம் பிறந்துடும், அதுல சந்தேகம் இல்ல. வெளிய எப்ப வரும், என்ன உருவத்துல வரும், எவ்வளவு வழியிலயே காணாமப் போகும்? அதை அளக்க ஒரு சின்ன சோதனை வடிவமைக்கணும். ஒரு வாரம். நாலு பேர். நான் கொண்டு வந்த படத்துல 5 லிட்டர் பாத்திரம் இருக்கு, ரெண்டு மாசமா போட்ட படம், ரொம்பப் பெருமையா இருக்கு எனக்கு.

ஜூன் 24, திங்கள்

காலைல இந்த ஊர் விசேஷம் ஒண்ணு தெரிஞ்சுகிட்டேன். காபிக் கடைல 11 மணிக்குள்ள போய் ஒரு காபி சொன்னா டோஸ்டும் அவிச்ச முட்டையும் சும்மா வரும். "மார்னிங்"னு சொன்னாப் போதும். 480 யென் காபிக்கு. நான் ஏதோ தப்பா கொண்டு வந்துட்டாங்கன்னு திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன், பக்கத்து டேபிள்ல பேப்பர் படிச்சிட்டு இருந்த தாத்தா சிரிச்சிட்டே கையால "சாப்பிடு சாப்பிடு"ன்னார். மீன் சாப்பிடாத, முட்டை சாப்பிடற என்னை மாதிரி ஆளுக்கு இந்த ஊர்ல இதைவிட நல்ல சாப்பாடு கிடையாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

பத்து மணிக்கு மீட்டிங். சென்செய் (ஆசிரியர்னு அர்த்தம், எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க, நானும் அப்படியே), ஒரு எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர், அப்புறம் இங்க பிஹெச்டி பண்ற நம்ம தேனிக்காரத் தம்பி ஒருத்தர். என்னைப் பார்த்ததும் "வாங்கக்கா, ரசப்பொடி கொண்டு வந்தீங்களா"ன்னார். கொண்டு வந்திருந்தேன்.

என் படத்தை விரிச்சேன். சென்செய் அஞ்சு நிமிஷம் ஒண்ணும் பேசாம பார்த்தார். அப்புறம் ஒரு வெள்ளைப் பேப்பரை எடுத்து என்கிட்ட நகர்த்தி, "கடைசில குப்பிக்குள்ள எத்தனை பெக்கரல் வரும்?"னு கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். குப்பின்னா உப்புலேருந்து வர்ற டிரிட்டியத்தைப் பிடிக்கற தண்ணிக் குப்பி, பெக்கரல்னா செகண்டுக்கு ஒரு அணு சிதையறது.

நான் பாத்திரத்துல ஆரம்பிச்சிருந்தேன், அவர் குப்பில ஆரம்பிச்சார். சரி, போடுவோம்னு போட்டேன். நமக்குக் கிடைக்கற நியூட்ரான் மூலம் ஒரு சின்ன மூடின குழாய், உள்ள டியூட்டீரியமும் டிரிட்டியமும் மோதி 14 எம்இவி (ஆற்றலோட அளவு) நியூட்ரான் வரும், செகண்டுக்கு 10 கோடி. கேக்க நிறைய மாதிரி இருக்கும். 12 மணி நேரம் ஓட்டினா 4.3 லட்சம் கோடி. அது எல்லாப் பக்கமும் தெறிக்கும், உப்பு ஒரு மூலைல இருக்கு. சின்னப் பாத்திரம்னா 2,000 நியூட்ரானுக்கு ஒரு டிரிட்டியம்னு வச்சுக்கலாம். ஆக 216 கோடி அணு. அரை ஆயுளை வச்சு வகுத்தா 3.85 பெக்கரல்.

நாலு பெக்கரல்கூட இல்ல!

தம்பி மதியத்துக்கு வச்சிருந்த வாழைப்பழத்தை எடுத்து டேபிள்ல வச்சார். ஒரு வாழைப்பழத்துல கதிர் விடற பொட்டாசியம்-40 மட்டுமே 15 பெக்கரல் கிட்ட இருக்கும். நாங்க 12 மணி நேரம் மெஷின் ஓட்டி, 500 டிகிரிக்கு மேல உப்பை உருக்கி, கால் வாழைப்பழத்தைத் தேடப் போறோம். அதையும் ஒரே குப்பில இல்ல, நாலு குப்பி, பல நாள்னு பிரிச்சு. ஒரு குப்பிக்கு நிமிஷத்துக்குப் பத்து எண்ணிக்கை கிடைச்சாலே அதிர்ஷ்டம், எண்ணற மெஷின் சும்மா உக்காந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு இருபது காட்டுது.

"அப்ப பாத்திரத்தைப் பெருசாக்கினா?"ன்னு கேட்டேன், என் 5 லிட்டரை விட மனசில்லாம. பெருசாக்கினா டிரிட்டியம் கூடும், கூடவே வெளிய வர எடுக்கற நாளும் கூடும், சுவரும் கூடும், சூடாக்கறதும் கஷ்டமாகும். அமெரிக்கால எம்ஐடி பல்கலைக்கழகத்துல இதே மாதிரி டிரிட்டியம் அளக்க லிப்ரான்னு பெரிய திட்டம் வச்சிருக்காங்க, ஆனா ஆரம்பிச்சது 100 மில்லி உப்புல, அந்தச் சின்ன சோதனைக்குப் பேரே பேபி. சென்செய் இதைச் சொல்லிட்டு டீ ஊத்தினார். என் படத்தைப் பத்தி ஒரு வார்த்தை குறை சொல்லல. அதுதான் ரொம்ப வலிச்சுது.

ஜூன் 25, செவ்வாய்

மதியம் ஸ்டேஷன் பிளாட்ஃபார்ம்ல நின்னுகிட்டே சாப்பிடற கடை. கிஷிமென்னு தட்டையான நூடுல்ஸ், இந்த ஊர் ஐட்டம். 500 யென் சொச்சம். மேல மீன் சீவல் தூவியிருக்காங்க, சூட்டுல அது நெளியறதைப் பார்த்தா உயிரோட இருக்கற மாதிரியே இருக்கு. தூவாம கொடுங்கன்னு தம்பி சொன்னார், அந்தம்மாவும் தூவாம கொடுத்தாங்க, ஆனா அந்த ரசமே மீன் போட்டுக் காய்ச்சினதுதான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. மேல இருக்கறதை எடுக்கலாம், ரசத்துல இறங்கினதை என்ன பண்றது. எச்சில் பண்ணாம அப்படியே தம்பிகிட்ட தள்ளிட்டு, ஊறுகாய் வச்ச அரிசி உருண்டை ஒண்ணு வாங்கிக்கிட்டேன். உமெபோஷின்னு பேரு, நம்ம வடுமாங்காயோட ஜப்பான் சித்தப்பா பையன்.

இன்னிக்கு முழுக்க எந்த உப்புங்கற சண்டை. சண்டைன்னா இங்க யாரும் சத்தம் போட மாட்டாங்க, "அது கொஞ்சம்..."னு இழுத்து நிறுத்துவாங்க, அதுக்கு முடியாதுன்னு அர்த்தம்.

எல்லாருக்கும் ஆசை ஃப்ளைப் மேலதான். லித்தியம் ஃப்ளூரைடும் பெரிலியம் ஃப்ளூரைடும் ரெண்டுக்கு ஒண்ணு, 459 டிகிரில உருகும். உலைக்கு உண்மையில வேணுங்கறதும் அதுதான், ஏன்னா பெரிலியம் ஒரு நியூட்ரானை ரெண்டாக்கிக் கொடுக்கும். ஆனா பெரிலியம் தூசி நுரையீரலுக்குப் போனா வாழ்நாள் வியாதி. அதுக்குன்னு தனி அறை, தனி உடை, தனி அனுமதி. 2001லேருந்து 2007 வரைக்கும் ஜப்பானும் அமெரிக்காவும் சேர்ந்து ஜுபிட்டர்-2ன்னு ஒரு கூட்டுத்திட்டம் நடத்தினாங்க, ஐடஹோல வச்சு ஃப்ளைப்ல பெரிலியம் உலோகத்தையே முக்கி எடுத்துப் பார்த்தாங்க. காரணம் இதுதான்: டிரிட்டியம் ஃப்ளூரினோட சேர்ந்து வெளிய வந்தா அது அமிலம், குழாயை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு மாதிரி வந்தா அரிக்காது. பெரிலியம் உலோகம் அந்த ஃப்ளூரினைப் பிடுங்கிக்கும். ஆனா வாயுவா வர்றதுக்கு வேற புத்தி, சூடான உலோகத்துக்குள்ளயே புகுந்து அந்தப் பக்கம் போயிடும். ஒண்ணு தின்னும், இன்னொண்ணு ஓடிப்போகும்.

எங்க அறைல ஃப்ளைப் முடியாது. "அது கொஞ்சம்..."

அடுத்து ஃப்ளினாக். லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூணோட ஃப்ளூரைடு, 454 டிகிரில உருகும், பெரிலியம் கிடையாது. நான் உடனே சரின்னுட்டேன். தம்பி மெதுவா, "அக்கா, அதுல பொட்டாசியம் இருக்கே"ன்னார். நேத்து வாழைப்பழம்! ஒரு கிராம் பொட்டாசியம் 31 பெக்கரல். வாயு மேல போகும்போது உப்பு மூடுபனி மாதிரி கொஞ்சம் தூக்கிட்டுப் போய், பொட்டாசியம் கால் கிராமுக்கும் கீழ குப்பில சேர்ந்தாலே நாங்க தேடற மொத்த டிரிட்டியத்தையும் தாண்டிடும்.

சரி, குளோரைடு கலந்தா? லித்தியம் ஃப்ளூரைடும் லித்தியம் குளோரைடும் சேர்த்து உருக்கலாம், 500 டிகிரி கிட்ட உருகும். அதுலயும் ஆள் இருக்கான். குளோரின்-35 வேகமான நியூட்ரானை வாங்கிட்டு கந்தகம்-35 ஆகும், அதுவும் டிரிட்டியம் மாதிரியே பீட்டா (வேகமா தெறிக்கற எலக்ட்ரான்) விடும், அரை ஆயுள் 87 நாள். எந்த உப்பை எடுத்தாலும் கூடவே ஒரு திருடன் வர்றான்.

நல்லவேளையா டிரிட்டியத்தோட பீட்டா ரொம்ப சோம்பேறி, ஆற்றல் அதிகபட்சமே 18.6 கேஇவி, காத்துல அரை சென்டிமீட்டர் தாண்டறதே பெரிய விஷயம். பொட்டாசியமோடது அதுக்குப் பல மடங்கு மேல. எண்ணற மெஷின் ஆற்றல் வாரியாப் பிரிச்சுக் காட்டும், முழுசா இல்லைன்னாலும் யாரு எவருன்னு ஓரளவு சொல்லிடலாம். அதனால ஃப்ளினாக், நடுவுல ஒரு வடிகட்டி, அந்த ஆற்றல் பிரிப்பை (ஸ்பெக்ட்ரம்) பார்க்காம எந்த எண்ணையும் நம்பறதில்லைன்னு முடிவாச்சு. மணி ஏழு. கை கழுவி எழுந்திருக்கறப்ப எலக்ட்ரானிக்ஸ்காரர் வருத்தமான முகத்தோட அடுத்த வாரம் 3ஆம் தேதி புது நோட்டு வருது, டிக்கெட் மெஷின் எல்லாம் மாத்தணும்னு கடைக்காரங்க புலம்பறாங்கன்னு சொன்னார். இத்தனை நேரம் அவர் மனசு அங்கதான் இருந்திருக்கு போல.

ஜூன் 26, புதன். டோக்கி, அப்புறம் எதிர்பாராம நகாட்சுகாவா

இன்னிக்கு ஊர் சுத்தல்னு பேரு. நகோயாலேருந்து சூஓ லைன்ல முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி, டோக்கி. மினோ பாத்திரம்னு சொல்ற பீங்கான் சாமான் செய்யற ஊரு. அதே ஊர் மேட்டுலதான் தேசிய இணைவு அறிவியல் நிறுவனமும் இருக்கு, 1998ல முதல் பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் ஏறின சூடான வாயுவை, பிடிச்ச எல்ஹெச்டி இணைவு மெஷின் அங்கதான். ஒரு பக்கம் களிமண் சூளை, இன்னொரு பக்கம் பத்துக் கோடி டிகிரி ஆசை.

ஸ்டேஷன்ல இறங்கி, வெளிய வந்து, குடையை விரிச்சப்பதான் தோள் லேசா இருக்கேன்னு தோணுச்சு. பை! மேல தட்டுல வச்சது அப்படியே போயிடுச்சு. உள்ள நோட்டு, நாலு நாள் கணக்கு, ரசப்பொடி பாக்கெட்டோட மீதி. ரயில் மலைக்குள்ள போயிட்டே இருக்கு.

ஸ்டேஷன்காரர் கொஞ்சமும் பதறல. ஒரு ஃபார்ம் எடுத்தார். எத்தனை மணி வண்டி, எத்தனாவது பெட்டி, எந்தக் கதவுப் பக்கம், இடப்பக்கமா வலப்பக்கமா, பை என்ன நிறம், உள்ள என்னென்ன, கடைசியா கைல இருந்ததா எப்ப ஞாபகம். ரசப்பொடியைத் தம்பி ஜப்பானிய மொழில எப்படிச் சொன்னார்னு தெரியல, அவர் "கறி?"ன்னு கேட்டு எழுதிக்கிட்டார். எல்லாம் எழுதி முடிச்சு, வரி வரியா எங்களுக்கே திருப்பிப் படிச்சுக் காட்டி, அப்புறம்தான் போனை எடுத்தார். இருபது நிமிஷத்துல பதில்: பை கடைசி ஸ்டேஷன் நகாட்சுகாவால இருக்கு, வந்து வாங்கிக்கலாம். ஒரு பைசா கேக்கல.

நடுவுல இருந்த நேரத்துல ஒரு குயவர் பட்டறைக்குப் போனோம். எழுபது வயசுக்கு மேல இருக்கும், பேச்சு கம்மி. சூளைக்குப் போகப் போற கிண்ணம் ஒண்ணை எடுத்து அதோட அடியைத் தன் கன்னத்துல வச்சுப் பார்த்தார், கீழ வச்சார். அடுத்ததை எடுத்தார், கன்னத்துல வச்சார், தனியா வச்சார். ஏன்னு கேட்டா, சில்லுன்னு இருந்தா உள்ள இன்னும் ஈரம் இருக்கு, வெளிய காஞ்ச மாதிரி தெரியும், சூளைக்குள்ள போனதும் ஆவியாகி வெடிக்கும், பக்கத்துல இருக்கறதையும் சேர்த்து உடைக்கும்னார். இந்த மாசத்துல ஒரு கிண்ணம் காய ரெண்டு மடங்கு நாளாகுதாம்.

எனக்கு அங்கயே ஃப்ளினாக் ஞாபகம் வந்துடுச்சு. அதுல இருக்கற பொட்டாசியம் ஃப்ளூரைடு காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் குடிக்கும், இந்த ஊர் ஜூன் மாசத்துல சொல்லவே வேண்டாம். ஈரத்தோட உருக்கினா வெடிக்காது, அதைவிட மோசம், ஹைட்ரஜன் ஃப்ளூரைடு ஆகி பாத்திரத்துல இருக்கற குரோமியத்தைத் தின்னும், டிரிட்டியம் எந்த உருவத்துல வரணும்ங்கறதையும் குழப்பிடும். உப்பைக் கன்னத்துல வச்சுப் பார்க்க முடியாது. என் திட்டத்துல உலர்த்தறதுக்கு "ஒரு நாள்"னு ஒரே வார்த்தைதான் இருந்துச்சு, அதை எழுதும்போது யோசிக்கக்கூட இல்ல. இப்ப மாத்தியாச்சு: காஞ்ச ஹீலியம் ஓடவிட்டு படிப்படியா சூடேத்தணும், வெளிய போற வாயுவோட ஈரத்தை மீட்டர்ல பார்த்துகிட்டே இருக்கணும், மீட்டர் அடங்கினாதான் அடுத்த படி. எத்தனை நாளானாலும் சரி.

அவர்கிட்ட ஒரு சின்ன டீக் கிண்ணம் 800 யென்னுக்கு வாங்கினேன். ஓரத்துல பூச்சு கொஞ்சம் வழிஞ்சு நின்னது, அதுக்காகவே எடுத்தேன். அவர் அதைச் சொல்லி 200 யென் குறைச்சார், நான் கேக்கவே இல்ல.

சாயங்காலம் மலை வழியா நகாட்சுகாவா. பையைக் கொடுக்கறதுக்கு முன்னாடி அங்கயும் ஒரு ஃபார்ம், உள்ள இருக்கற ஒவ்வொரு பொருளையும் எடுத்து வச்சு டிக் பண்ணினாங்க. பேனா மூணு. பேப்பர் 41. ஸ்டேஷன் வாசல்ல கொஹெய்மோச்சி சுட்டு விக்கறாங்க, சோத்தை மசிச்சு குச்சில ஒட்டி, வால்நட் போட்ட இனிப்புக்காரச் சாந்து தடவி கரில சுடறது. மீன் இல்லைன்னு மூணு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டு ரெண்டு சாப்பிட்டேன். தம்பி நாலு. இந்தப் பயணத்துல சாப்பிட்டதுல இதுக்குத்தான் முதலிடம்.

ஜூன் 27, வியாழன்

ரயில்வே ஃபார்ம் மண்டையை விட்டுப் போகல. எத்தனை மணி, எந்தப் பெட்டி, எந்தக் கதவு. எங்ககிட்ட டிரிட்டியத்துக்கு அப்படி ஒரு ஃபார்மே இல்ல. காலைல போர்டுல எழுதினேன்: பிறந்த டிரிட்டியம் எங்கெங்க போகலாம். மேல்பரப்பு வழியா வாயுவுக்கு. பாத்திரச் சுவர் வழியா வெளிய. உப்புக்குள்ளயே தங்கலாம். குழாய்ல ஈரத்தோட ஒட்டிக்கலாம். வாயுவைத் தண்ணியா மாத்தற ஃபர்னஸ்ல. குப்பி பிடிக்காம விட்டது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு அளவி இருக்கா? ரெண்டுக்கு மட்டும்தான் இருந்துச்சு.

அதனால பாத்திரத்தைச் சுத்தி இன்னொரு உறை வந்துச்சு, அதுக்குள்ள தனியா வாயு ஓடும், சுவர் வழியா தப்பிக்கறது அங்க மாட்டும். குப்பி வரிசை ரெண்டாச்சு. முதல் ரெண்டு குப்பித் தண்ணில கரையற டிரிட்டியம் நின்னுடும். கரையாத வாயு நேரா தாண்டிப் போய் சூடான வினையூக்கி ஃபர்னஸ்ல தண்ணியா மாறி, மூணாவதுலயும் நாலாவதுலயும் நிக்கும். ரெண்டாவதுல நிறைய வந்தா முதலாவது ஒழுங்கா பிடிக்கலைன்னு தெரியும்.

அடுத்தது நேரம். உப்போட ஆழம் 5 சென்டிமீட்டர், அசையாம இருந்து டிரிட்டியம் வெறும் பரவல்லயே மேல வரணும்னா, போட்ட கணக்குப்படி ஒரு மாசம் ஆகுது. நான் வந்தது ஒரு வாரத்துக்கு! ஆனா உப்பு அசையாம இருக்காது, கீழ சூடு, மேல கொஞ்சம் ஆறல்னா சாம்பார் கொதிக்கற மாதிரி மெல்ல சுத்தும், அப்ப நாள் கணக்கு ஒண்ணு ரெண்டுன்னு இறங்கிடலாம். ஆக ஹீட்டரை எங்க வைக்கறோம்ங்கறதே விடையை மாத்துது. சென்செய் சொன்னது: அப்ப அதை மறைக்காதீங்க, அதையே அளங்க. ஒரு தடவை 5 சென்டிமீட்டர் ஆழம், ஒரு தடவை பாதி. நேரம் பாதியா குறைஞ்சா மேல்பரப்பு தடுக்குது, கால்வாசியா குறைஞ்சா பரவல் தடுக்குது. இதைக் கேட்டதும் என் 5 லிட்டர் படத்தை நானே மடிச்சுப் பைக்குள்ள வச்சுட்டேன். 200 மில்லி போதும். ரெண்டு ஆழம் வேணும்.

கடைசியா சென்செய் இன்னொண்ணு கேட்டார். உப்பும் இல்லாம நியூட்ரானும் இல்லாம இந்த மொத்த வரிசையையும் ஒரு ராத்திரி ஓட்டிப் பார்த்திருக்கீங்களா? இல்ல. ஃபர்னஸ் வேற ஒரு பெஞ்ச்லேருந்து இரவல் வாங்கினது, குப்பி புதுசு, குழாய் பாதி பழசு. சாயங்காலம் ஆறு மணிக்கு வெறும் ஹீலியத்தை ஓட விட்டோம். குமிழி ஒவ்வொண்ணா வந்துச்சு. அதைப் பார்த்துகிட்டே நாலு பேரும் பேசாம நின்னோம்.

ராத்திரி தம்பி ரூம்ல ரசம். அரிசி குக்கர்ல சாதம், தக்காளி நாலு 300 யென்னுக்கு மேல, கேட்டதும் வயிறு கலங்கிடுச்சு. ரசம் மட்டும் நகாட்சுகாவா வரைக்கும் போய்ட்டு வந்த ரசம்.

ஜூன் 28, வெள்ளி

கொட்டித் தள்ளுது. டிவில பக்கத்து ஷிசுவோகா பக்கம் எச்சரிக்கைன்னு ஓடிக்கிட்டே இருக்கு. ஹோட்டல் வாசல்ல குடை வைக்கற ஸ்டாண்டுல நாப்பது வெள்ளைக் குடை, எல்லாம் ஒரே மாதிரி, என்னோடது எதுன்னு தெரியல. ஒண்ணை எடுத்தேன். என்னோடதாத்தான் இருக்கும். இருக்கலாம்.

காலை டோஸ்ட்ல இன்னிக்கு சிவப்புப் பயறு இனிப்பு விழுது தடவிக் கேட்டேன், ஒகுரா டோஸ்ட்னு இந்த ஊர்ப் பழக்கம். ஒரு வாய் வச்சதும் போளிப் பூரணம்! அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன், "பிரெட்ல ஏண்டி தடவறாங்க"ன்னு பதில் வந்துச்சு.

நியூட்ரான் மூலம் வைக்கற அறையைப் போய் பார்த்தோம். காங்கிரீட் சுவர் ரொம்பக் கிட்ட. அதுல பட்டுத் திரும்பற நியூட்ரான் வேகம் குறைஞ்சு வரும், லித்தியத்துல லேசான வகையான லித்தியம்-6க்கு மெதுவானதுதான் ரொம்பப் பிடிக்கும், இயற்கை லித்தியத்துல அது 7.5 சதவீதம்தான்னாலும். ஆக பாத்திரத்தை ஒரு மீட்டர் தள்ளி வச்சாலே கிடைக்கற டிரிட்டியம் மாறும், உப்புல ஒண்ணும் மாறாமலேயே. அதுக்கு நையோபியம் தகடு ஒண்ணு ஒட்டி வைக்கறது, வேகமான நியூட்ரான் பட்டா மட்டும்தான் அது 10 நாள் அரை ஆயுள் உள்ள வேற வகை நையோபியமா மாறும், அதை எண்ணினா எத்தனை வேகமான நியூட்ரான் வந்துச்சுன்னு தெரியும். மெதுவானதுக்கு வேற தகடு. சுவர் எங்க இருக்குன்னு டேப் வச்சு அளந்து எழுதினோம், அது நேத்து வரைக்கும் யார் திட்டத்துலயும் இல்ல.

மூணு மணிக்கு ராத்திரி ஓட்டின நாலு குப்பியையும் எடுத்து மினுக்கும் திரவம் (பீட்டா பட்டா மினுக்கும், அந்த மினுக்கலைத்தான் மெஷின் எண்ணும்) கலந்து மெஷின்ல வச்சோம். நிமிஷத்துக்கு 90, 85, 110, 88. என்னங்க இது! நியூட்ரானே கிடையாது, உப்பு கிடையாது! எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு. எலக்ட்ரானிக்ஸ்காரர் மேல இருந்த லைட்டைக் காட்டினார். கலந்த உடனே, அதுவும் ட்யூப் லைட் வெளிச்சத்துல நின்னு கலந்தோம். அந்தத் திரவம் வெளிச்சத்தைக் குடிச்சு வச்சுக்கிட்டு கொஞ்ச நேரத்துக்குத் தானே மினுக்கும். ஒரு ராத்திரி இருட்டுல வச்சுட்டு எண்ணணும். இது தெரிஞ்ச விஷயம்தான், தெரிஞ்ச நாலு பேர் சேர்ந்து மறந்திருக்கோம்.

ஜூன் 29, சனி. ஏர்போர்ட்

மழை விட்டிருக்கு. சென்செய் ஸ்டேஷன் வரைக்கும் வந்து, ரயில் கண்ணுல இருந்து மறையற வரைக்கும் குனிஞ்ச தலை நிமிராம நின்னார், எனக்கு எப்படித் திருப்பி வணங்கறதுன்னு தெரியாம உள்ள உக்காந்துகிட்டே தலையை ஆட்டிக்கிட்டே இருந்தேன். டீக் கிண்ணத்தைச் சாக்ஸுக்குள்ள சுத்தி வச்சிருக்கேன். குடையை ஹோட்டல் ஸ்டாண்டுலயே விட்டுட்டேன், அது யாரோடதோ.

கேட்ல உக்காந்திருக்கும்போது தம்பி மெசேஜ்: "அக்கா, ராத்திரி முழுக்க இருட்டுல வச்சு எண்ணியாச்சு. 20, 21, 43, 22."

மூணாவது.

மூணாவதுன்னா ஃபர்னஸுக்கு அடுத்த குப்பி. ஃபர்னஸ் இரவல் வாங்கினது. அதுக்கு முன்னாடி அதுல என்ன ஓடுச்சு, எப்ப, எத்தனை நாள், கடைசியா யாரு சுட்டுக் காலி பண்ணினாங்கன்னு வரிசையா டைப் பண்ணி அனுப்பினேன். அனுப்பிட்டுப் பார்த்தா அந்த ஸ்டேஷன்காரர் கேட்ட மாதிரியே இருந்துச்சு.

"கேக்கறேங்க்கா. அதை மட்டும் இன்னொரு ராத்திரி சூடு பண்ணி ஓட்டவா?"

ஓட்டுங்கன்னேன். போர்டிங் கூப்பிட்டுட்டாங்க.